மூன்றடி என்றவர்

மேனேஜரை நினைத்தால் முதலில் அவருடைய சிவப்புப் பேனாதான் ஞாபகம் வருகிறது. மூடியைப் பல்லால் கடித்துத் திறப்பார். ஈக்காட்டுத்தாங்கலில் படிக்கட்டுக் கைப்பிடி செய்யும் பட்டறையில் வரைபடம் போடும் வேலையில் நான் இருந்த இரண்டு வருடமும், அந்தப் பேனா படாமல் என் தாள் ஒன்றுகூடத் தப்பியதில்லை. இப்போது அவர் காலமாகிவிட்டார். நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அவர் மகன், பழைய ஆட்கள் எல்லோரையும் போல என்னையும் கேட்கிறார். ஒரு வாரமாக யோசிக்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை.

அடையாற்றில் ஒரு வீட்டுக்குச் சுழல் படிக்கட்டு. மேலிருந்து பார்த்தால் கைப்பிடி மூன்றடி ஆரமுள்ள வட்டம். ஆனால் கைப்பிடி தரையில் படுத்துக் கிடப்பதில்லை, ஏறிக்கொண்டே திரும்புகிறது. அப்படி ஏறுகிற கோடு, தரையில் ஓடும் வட்டத்தைவிடக் குறைவாகத்தான் வளையும். அந்த ஏற்றத்துக்குக் கணக்குப் போட்டு, குழாயை நாலரை அடி ஆரத்தில் வளைக்க வேண்டும் என்று எழுதினேன். மேனேஜர் அதை அடித்துவிட்டு மூன்று என்று போட்டார். “மேலேருந்து பாத்தா மூணுதானேம்மா? காலேஜ் கணக்கெல்லாம் இங்க வாணாம்” என்றார்.

குழாய்கள் மூன்றடிக்கே வளைந்து வந்தன. பொருத்திப் பார்த்தபோது கைப்பிடி படியின் ஓரத்தை விட்டு உள்ளே வந்து, ஏறுகிறவர் இடுப்பில் இடித்தது. வீட்டுக்காரர் முன்னால் மேனேஜர் என்னைக் காட்டி, “பொண்ணு கணக்குல கோட்ட வுட்டுடுச்சு சார்” என்றார். அவர் அடித்துத் திருத்திய தாள் என் பையில்தான் இருந்தது. வேலை போய்விடுமே என்று பயந்து அதை எடுத்து நீட்டவில்லை. அந்தச் சனிக்கிழமையே வேலை போயிற்று. அவர்மேல் உள்ள ஆத்திரத்தில் பாதி, வாய் திறக்காமல் நின்ற என்மேலும் உண்டு.

எழுத ஏதாவது அகப்படுமா என்று போன வாரம் அந்தப் பட்டறைக்குப் போனேன். குழாய் வளைக்கும் மெஷினுக்கு மேலே ஒரு தகரப் பலகை. எந்த ஏற்றத்துக்கு ஆரத்தை எத்தனை மடங்காக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது. என்னுடைய கணக்கு, கீழே அவர் பெயர்.

மெஷினில் நின்றவர், “ஐயா கண்டுபுடிச்சது மேடம். இத்த பாத்துகினுதான் இன்னிக்கும் வளைக்கிறோம், ஒரு பைப்பு வீணாவறதில்ல” என்றார்.

“அது நான் போட்ட கணக்கு” என்றேன்.

அவர் மெஷினை நிறுத்தினார். “அடையாறு வேலைய கெடுத்தது நீங்கதானா மேடம்? அதுக்கப்புறம்தான் ஐயா இத்த எழுதி மாட்டுனாராம்.”

மரியாதையாகத்தான் கேட்டார்.