அது என்ன மீன்?

நான் வகுப்பில் முதல் மாணவி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று நாகர்கோவிலில் அதை ஒருத்தரும் மதிக்கவில்லை.

தம்பிக்கு நாலு வயது ஆகியும் பேச்சு வரவில்லை. "தா", "போ" என்று ஒற்றைச் சொல்லாக ஏதாவது சொல்வான். மிச்சத்துக்கெல்லாம் கையைப் பிடித்து இழுப்பான். காது டாக்டர் சோதித்துவிட்டு, காது நன்றாகவே கேட்கிறது என்றார். அதைக் கேட்டு உம்மாவுக்குப் பயம் கூடிப்போனது. காது கேட்டும் பேசவில்லை என்றால், பிள்ளைக்கு நாம் சொல்வது எதுவுமே விளங்கவில்லையோ? பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வாய் கூசாமல் அப்படியே சொல்லிவிட்டும் போனாள். அன்றிலிருந்து உம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் பேச்சுக் குறைகளைச் சோதித்துச் சொல்லும் டாக்டரம்மாவைப் பார்க்கக் குளச்சலிலிருந்து கிளம்பினோம். உம்மா, வாப்பா, துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மாமா, தம்பி, நான். எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகிற வழக்கம் கிடையாது.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. பாயில் தம்பிக்கு எதிரே உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"இது என்ன?"

"பந்து!" என்றேன் நான். அடுத்தது பூனை. அதையும் சொன்னேன். பஸ், குடை, எதையும் விடவில்லை.

டாக்டரம்மா சிரித்தாள். "ஒனக்கு எல்லாம் தெரியுது மக்ளே. இனி அவன் சொல்லட்டும்" என்று என்னை உம்மாவின் பக்கம் நகர்த்தி உட்காரவைத்தாள். சரியாகப் பதில் சொன்னதற்கு இதுதான் பரிசு!

அடுத்து மீன் படம் வந்தது. நீல உடம்பு, மஞ்சள் வால், சாயம் பூசியதுபோல் சிவந்த உதடு, அதில் ஒரு சிரிப்பு. கண்ணுக்கு இமை மயிர் வேறு. தம்பி உற்றுப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. உம்மாவின் கை என் தோளை இறுக்கியது.

இங்கேதான் சிக்கல். வாப்பா மீன் வியாபாரி. எங்கள் வீட்டில் மீன் என்ற சொல் கேள்வியில்தான் வரும், பதிலில் வராது. என்ன மீன் என்று கேட்டால் சாளை, அயிலை, நெத்திலி, சீலா என்று பேரைத்தான் சொல்ல வேண்டும். வெறுமனே மீன் என்று சொல்கிறவன் கடலையே பார்க்காதவன். வாப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டரே, பிள்ள எப்பிடிச் சொல்லுவான்? இது என்ன மீனுன்னு எனக்கே தெரியல்லியே. பாரையா?"

"பாரைக்கி இந்த வாலா?" என்றார் மாமா. அவருக்குத் துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிற வேலை. "மச்சான், இது சால்மனாக்கும். நான் தெனமும் வெட்டுற சாதனம்."

"கொளச்சல்ல வராத மீனெல்லாம் ஒரு மீனா ஓய்?"

"சும்மா மீனுன்னு சொன்னாலே போதும்" என்றாள் டாக்டரம்மா.

"அதெப்பிடிப் போதும்? பேரில்லாத மீன் உண்டா?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். மாமா துபாய்க் கூட்டாளிகளிடம் கேட்பதற்காக, செல்போனில் படத்தைப் போட்டோ பிடிக்கவே தொடங்கிவிட்டார்.

அப்போது தம்பி எழுந்தான். இருவருக்கும் நடுவில் போய், மீனின் சிரித்த வாயில் விரலை வைத்தான்.

"கள்ள மீன்" என்றான்.

எங்கள் பக்கம் கள்ளம் என்றால் பொய். சண்டை அப்படியே நின்றுபோனது. "அட என் தங்கமே!" என்று டாக்டரம்மா கையைத் தட்டினாள். அதோடு விடவுமில்லை. பந்தை எடுத்துக் கூடையில் போடு, மாமாவின் செருப்பைக் கொண்டுபோய் வாப்பாவிடம் கொடு என்று என்னென்னவோ செய்யச் சொல்லிப் பார்த்தாள். எல்லாவற்றையும் செய்தான். செருப்பை வாப்பாவின் மடியிலேயே வைத்தான். அதன்பிறகு உம்மாவிடம் சொன்னாள்.

"பயப்படாதீங்க. அவனுக்கு நல்லா வெளங்குது. படத்துல இருக்கது நெஜ மீன் இல்லன்னு இங்க அவனுக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கு. ரெண்டு வார்த்தையச் சேத்தும் சொல்லிட்டான். பேச்சு வரத்தான் தாமசம். வாரா வாரம் கூட்டிட்டு வாங்க, கொண்டு வந்திரலாம்."

"அல்லா" என்றாள் உம்மா. அதற்குமேல் அவளுக்குத்தான் பேச்சு வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் வாப்பா எல்லோருக்கும் சர்பத் வாங்கித் தந்தார். "அப்ப அது சால்மன் இல்லியா?" என்று மாமா இன்னும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் உம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னொருக்க சொல்லு மக்கா" என்று கேட்பதும், அவன் சொல்வதும், அவள் முத்தம் கொடுப்பதுமாகவே வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உம்மா, நான் சொன்னது எல்லாம் சரி. இவன் ஒண்ணுதான் சொன்னான், அதும் தப்பு. எனக்கு எங்க முத்தம்?"

உம்மா என்னையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் முகமெல்லாம் ஈரம், உடம்பெல்லாம் சிரிப்பு. ஒரே ஒரு தப்பான பதிலுக்குப் போய் யாராவது இவ்வளவு சந்தோஷப்படுவார்களா? உம்மாவுக்குப் படிப்பு போதாது என்று அன்று நான் முடிவு செய்தேன்.