கதவிடுக்கில் நீண்ட கை

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு நானே சிரித்தவள்தான். ஆண்டு எட்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பேய் என்று ஒரு பிள்ளை வாயைத் திறந்தால் காற்று, நிழல் என்று ஏதாவது காரணம் சொல்லி உட்காரவைத்துவிடுவேன். ஆனால் கொட்டாஞ்சேனையில், என்னுடைய சொந்த ஃபிளாட்டில், பட்டப்பகலில், என் கையாலேயே கொடுத்ததை எப்படி இல்லையென்று சொல்வது?

அப்போது என் கணவர் ஆப்கானிஸ்தானில் இருந்தார். சண்டை போட இல்லை, துணி துவைக்க. அங்கே இறங்கியிருந்த வெளிநாட்டுப் பட்டாளத்துக்குச் சமைக்க, துவைக்க, சாமான் ஏற்றி இறக்க என்று இங்கேயிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஆட்களைக் கூட்டிப்போனார்கள். இவருக்கு முகாமின் லோன்றியில் வேலை. உடுப்பெல்லாம் மாவு மாதிரி மண், எத்தனை தண்ணீர் மாற்றினாலும் போகாது என்பார். சைரன் அடித்தால் பட்டாளத்துக்காரர் கொங்கிரீட் சுவருக்குள் ஓடலாம். லோன்றிக்குத் தகரக் கூரைதான். பின்னேரங்களில் வீடியோ கோல் எடுப்பார். கூட வேலை செய்த தீபக் என்ற நேபாளிப் பையன் இடையில் தலையை நீட்டி எனக்குக் கும்பிடு போடுவான்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறக்கிறேன், பாத்ரூமில் தண்ணீர் ஓடுகிற சத்தம். காலையில் பைப்பை மூட மறந்துவிட்டேனாக்கும் என்று நினைத்துக்கொண்டு பையை மேசையில் வைக்கிறேன்.

"மாலினி... சோப்."

உள்ளேயிருந்து ஆண்குரல். இவர் சோப் எடுக்காமல் குளிக்கப் போவது வழக்கம். நானும், நம்பினால் நம்புங்கள், ஒன்றும் யோசிக்காமல் அலுமாரியிலிருந்த புது வேப்பஞ் சோப்பின் உறையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனேன். கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஒரு கை நீண்டது. மணிக்கட்டு வரை வெளிறிய மண். சோப்பை வைத்தபோது விரல் பட்டது, ஐஸ் மாதிரி. கதவு சாத்திக்கொண்டது. குசினிக்குப் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்த பிறகுதான் இவர் நாட்டிலேயே இல்லை என்பது மண்டையில் ஏறியது.

ஓடிப்போய் முன்வீட்டு ஃபரீதாவைக் கூட்டிவந்தேன். அவள் விளக்குமாற்றோடு வந்து கதவைத் தள்ளினாள். ஒருவரும் இல்லை. பைப் பூட்டியிருந்தது. தரை முழுக்க ஈரம், தண்ணீர் போகிற ஓட்டையைச் சுற்றி அந்த மாவு மண். சோப்பைக் காணவில்லை.

"டீச்சர், மொதல்ல ஒங்கட மாப்புளக்கு கோல் ஒண்டு எடுங்க" என்றாள் ஃபரீதா.

கோல் போகவேயில்லை. வெள்ளவத்தையில் இருக்கிற இவருடைய அம்மாவுக்குச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல், தாலியைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன். இருட்டின பிறகு அவரே எடுத்தார்.

"எனக்கு ஒண்டுமில்ல. லோன்றியில ரொக்கெட் விழுந்திட்டுது. தீபக் போயிட்டான்."

மிச்சத்தை லீவில் வந்தபோதுதான் சொன்னார். பட்டாளத்துக்காரன் செத்தால் கொடி போர்த்தி மரியாதையோடு அனுப்புவார்களாம். தீபக்கை அப்படியே பையில் போட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஊருக்கே துவைச்சுக் குடுத்தவனை மண்ணோட அனுப்பிறதோ? நான் தனிய நிண்டு கழுவினனான். சோப் ஒண்டும் இல்ல, உடுப்புக்குப் போடுற பவுடர்தான் இருந்தது. திரும்பிப் பாக்கிறன், வாளிக்குப் பக்கத்தில ஒரு புதுச் சோப். வேப்பம் மணம். ஆர் வச்சதெண்டு இண்டைக்கும் தெரியாது."

அப்போதுதான் என் கதையைச் சொன்னேன்.

"ஆனா அந்தக் குரல் பேர் சொல்லிக் கூப்பிட்டுது. நீங்கள் என்னை 'இஞ்சேரும்' எண்டுதானே கூப்பிடுவீங்கள்," என்றேன். "ஒருநாளும் பேர் சொன்னதில்லையே."

"கோல்ல உம்மோட கதைக்க வேணும் எண்டு அவன் என்னட்டக் கேட்டுப் பழகினவன்," என்றார். "அவனுக்குத் தெரிஞ்ச தமிழ் அது ஒண்டுதான். உம்மட பேர்."

அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பற்றிக் கதைத்ததில்லை. தீபக்குக்கும் ஊரில் ஒரு மனைவி இருந்தாள். அன்று அவளுடைய கதவடியிலும் அவன் போய் நின்றானோ என்னவோ. நின்றிருந்தால், என்னிடம் சோப் கேட்டவன் அவளிடம் என்ன கேட்டிருப்பான் என்று நினைக்கும்போதுதான் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.