தலைக்கட்டுக்கு ஒரு புத்தகம்

எண்பதுகளின் கடைசியில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு எரிச்சல். வாரம் முழுக்கச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு நாள் தூங்கலாம் என்றால் பழவேற்காட்டுக்கு பஸ் ஏற வேண்டும். அங்கே மீனவர் நூலகத்துக்கு யாரோ பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். கல்லூரி நூலகத்துக்கு நான் எழுதிய புரோகிராமை இந்த ஊருக்கு ஏற்ப மாற்றித் தருவதாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மாற்ற மாற்ற வேலை வளர்ந்தது. கரண்ட் வேறு சொல்லாமல் போகும்.

யாரையெல்லாம் சேர்ப்பது என்று ஊர்த் தலைவரைக் கேட்டேன். ஏரியில் வலை போட அங்கே முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆணுக்கு ஒரு பாடு. அவர் செத்தால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

“பொஸ்தகத்தையும் அப்டியே குடு நைனா. தலைக்கட்டுக்கு ஒண்ணு. சண்ட வராது” என்றார்.

அப்படியே, வீட்டுக்கு ஒரு எண், குடும்பத் தலைவர் பெயரில் என்று செய்தேன். ஆண்டு விழாவில், அதிகப் புத்தகம் எடுத்துப் படித்தவர் என்று கம்ப்யூட்டர், ஏரி நடுவே தீவாக இருக்கும் பசியாவரத்துக்காரர் ஒருவரைச் சொன்னது. பொன்னாடை போர்த்தினார்கள். மனிதர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். பாடு வரிசையில் பெயரை எடுத்த கையோடு நூலகத்திலும் எடுத்தார்கள். ஒரு ஞாயிறு அவர் மனைவி படகேறி வந்து, படித்து முடித்த புத்தகத்தை நீட்டினார். நூலகத்து அம்மா அதை வாங்கிக்கொண்டு, வேறு தர முடியாது என்றுவிட்டார். திரையில் அந்த வீடே இல்லை.

அந்த அக்கா என்னிடம் வந்தார்.

“தம்பி, அவுருக்குப் படிக்கவே வராது. எல்லாம் நான் படிச்சது. பாட்ட எடுத்துக்கினாங்க, சரி. இத்த ஏன் எடுத்தீங்க?”

சுருக்கென்றது. வீட்டுக்கு ஒரு எண் என்று கட்டியதை ஆளுக்கு ஒரு எண்ணாக்க உட்கார்ந்தேன். ஒன்றைத் தொட்டால் மூன்று இடத்தில் உதைத்தது. கரண்ட் போய் வந்தது. அக்கா ஏரியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசிப் படகு போய்விடும். எனக்குக் கை ஓடவில்லை. ஒருவழியாகத் திரை பெயர் கேட்டது. தன் பெயரை மெதுவாகச் சொன்னார்.

“இதுவரைக்கும் படிச்ச புத்தகக் கணக்கெல்லாம் உங்க பேர்ல ஏத்திடட்டுமாக்கா?”

அக்கா தலையை ஆட்டி மறுத்தார்.

“வேணாம் தம்பி. அது அவுரு பேர்லயே இருக்கட்டும். பொன்னாடை போத்திக்கினு எவ்ளோ சந்தோசமா நின்னாரு. எனக்கு இன்னிலேர்ந்து போடு.”

புதுப் புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினார். இறந்தவரை உறுப்பினராக வைத்திருக்க என் புரோகிராமில் வழியில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு அதற்கும் ஒரு இடம் கட்டினேன்.