பாசிக்கு ஒரு குக்கர்

பாசி தானாக வளரும். நமக்கு வேண்டிய பாசியை மட்டும் வளர்ப்பதுதான் தொழில். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பச்சைப் பாசியைத் தின்று பொடிப்பூச்சிகள் வாழும், பூச்சிகளைத் தின்று மீன்குஞ்சுகள் வளரும். காலையில் எழுந்ததும் பச்சை பாட்டில் பழுப்பாகி நிற்பதைப் பார்த்து வயிறெரிந்தவர்களே, இது உங்களுக்குத்தான். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஆள் குறைத்தபோது வெளியே வந்தவள் நான். இனி யாரிடமும் வேலை கேட்பதில்லை என்று வாடகை வீட்டின் பின்னறையில் பாட்டில்களை அடுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை

கிருமி போக, கண்ணாடி பாட்டில்களைக் குக்கரில் ஆவி காட்டித்தான் எடுப்பேன். பிளாஸ்டிக் குழாய் உருகிவிடும் என்பதால் அதற்கு பிளீச்சிங் தண்ணீர். ஒரு ஞாயிறு சர்ச் முடிந்து வந்த மாமியார், கறி வேகவைக்கக் குக்கரைத் திறந்தார். உள்ளே வாயில் பஞ்சடைத்த பாட்டில்கள். "அது இனிமே பாசிக்கு அத்தே, கறிக்கு வேற வாங்கிக்கலாம்" என்றேன். அவர் மூடியைப் பட்டென்று வைத்தார்.

"மீனுக்கு ஆக்கிட்ட. மனுஷனுக்கு எப்போ ஆக்குவ?"

போர் தண்ணீர்

எங்கள் போர்வெல் தண்ணீரைக் கொதிக்கவைத்தேன், பிளீச்சிங் போட்டு வாடையைப் போக்கிப் பாசி விட்டேன். பாசி செத்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் செத்தது. கிருமி போயிற்று, தோல் கழிவால் நிலத்தில் இறங்கிய உப்பு போகவில்லை. தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்க்கும் என் கணவர், "நம்மூரு தண்ணியில தோலுதான் ஊறும்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பியது. மொட்டைமாடியில் டிரம் வைத்து மழைத்தண்ணீர் பிடித்தேன். துணியில் வடிகட்டி, பிளீச்சிங் விட்டு, குளோரின் வாடையை ஹைப்போ என்ற மருந்து போட்டு முறித்து, பிறகு பாசி விட்டேன். சில நாளில் பாட்டில் புல் மாதிரி பச்சை. அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்மூரு தண்ணியில தோலுதான் ஊறும்னேன். இது வானத்துத் தண்ணி, இது கணக்குல வராது."

ஒரு விரல்

வேலூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் பாய்தான் என் பெரிய வாடிக்கையாளர். குஞ்சு பொரிக்கும் சமயம், சரக்கைப் பார்க்க நேரே வந்தார். நான் தடுப்பதற்குள், மீன்தொட்டியில் அளைந்த கையாலேயே ஒரு பாட்டிலில் விரலை விட்டுக் கலக்கினார். பாட்டில் பச்சையாகவே இருந்ததை நம்பி, அதிலிருந்துதான் மற்றவற்றுக்கும் ஊற்றினேன். பூச்சி புகுந்து அத்தனையும் பழுப்பு. விதைக்காக ஃபிரிட்ஜில் பத்திரமாக வைத்திருந்த தாய் பாட்டில் ஒன்றுதான் மிச்சம். எல்லாவற்றையும் மறுபடி அவித்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். தீனி இல்லாமல் பாதிக் குஞ்சு போய்விட்டது என்று பாய் போனில் கத்தினார். "கை வெச்சது யாரு பாய்?" என்றேன்.

"ஒரு விரல்தானே சிஸ்டர் விட்டேன், முழுக் கையா விட்டேன்?"

வாடை

பிளீச்சிங் வாடை தாங்கவில்லை, வீட்டைக் காலி செய் என்று ஹவுஸ் ஓனர் அக்கா வந்து நின்றார். என்னவோ கெமிக்கல் காய்ச்சுகிறேன் என்று தெருவில் பேச்சாம். "தெரு முழுக்க தோல் நாத்தம் வருதுக்கா. ஒருத்தரயாவது காலி பண்ணச் சொன்னீங்களா? நான் சுத்தம் பண்ற வாடைதான் உங்களுக்கு ஜாஸ்தியா? பாட்டில எடுக்க மாட்டேன், வீட்டையும் காலி பண்ண மாட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார், பாட்டில்களைப் பார்த்தார். படியிறங்கப் போனவர் திரும்பி நின்றார்.

"மாடியில இருக்கிற டிரம்மயாவது மூடி வை, கொசு வருது."

கிருமியைக் கொல்ல பிளீச்சிங் போதும், 'உனக்கு எதுக்கு இந்த வேலை' என்ற பேச்சைக் கொல்லத்தான் கடையில் இன்னும் ஒன்றும் விற்கவில்லை, அதனால் வளர்த்துக்கொண்டே இருக்கிறேன்.