ரத்தம் கேட்டால் கூட்டம் கலையும் என்றிருந்தேன்

கேஷுவாலிட்டியில் நர்ஸான என் கையைக் கட்டிப்போடுவது நோயாளியல்ல, கட்டிலைச் சுற்றி நிற்கும் சொந்தக்காரர்கள்தான்.

இன்று லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு வேன் வந்தது. துபாயிலிருந்து லீவில் வந்தவர், பைக்கில் விழுந்து தொடை கிழிந்திருந்தது. கூடவே அவர் தெருவும் வந்திருந்தது.

டிரிப் போட நரம்பு தேடினால், குனிந்து பார்த்த தலைகள் வெளிச்சத்தை மறைத்தன. கத்திப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை.

வழக்கமான பொய்யை எடுத்துவிட்டேன்.

"ரத்தம் நெறைய வேணும். குடுக்கறவங்க மட்டும் நில்லுங்க."

இதைச் சொன்னால் எப்போதும் அறை காலியாகி, எதிர் டீக்கடை நிறைந்துவிடும். இன்று எல்லாரும் சட்டைக் கையை மடித்தார்கள்.

"அவனுக்கு இல்லாத ரத்தமா? எடுங்க தங்கச்சி" என்றார் அவருடைய மாமா.

"அப்ப வராண்டாவுல வரிசையா நில்லுங்க."

போனார்கள். வெளிச்சம் வந்தது. முதல் குத்திலேயே ஊசி ஏறியது. டாக்டர் தையல் போட்டார், ஆள் தேறிவிட்டார்.

ரத்தம் வேண்டாம் என்று சொல்ல வெளியே போனேன். வரிசை கலையாமல் நின்றது. வேண்டாம் என்றதும் மாமாவின் முகம் சுருங்கிவிட்டது.

"ஏன் தங்கச்சி, எங்க ரத்தத்துல என்ன கொறை?"

நிஜமாகவே ரத்தம் வேண்டுமென்றால் எந்த ஊருக்குப் போன் போடுவதென்று தெரிந்துவிட்டது. கூட்டத்தை வெளியேற்றத்தான் புதுப் பொய் ஒன்று தேவை. கைவசம் ஒன்று வைத்திருக்கும் சிஸ்டர்கள் சொல்லுங்கள்.