போர்ட்டிகோவில் விழுந்த சிவப்புக் கோடு

என் தங்கையின் கல்யாணத்தன்று மழை பெய்தது. எங்கள் ஊரான கோரமண்டலில் சபைக்காகப் புதிதாகக் கட்டிய ஹாலில் நடந்த முதல் கல்யாணம் அது. பந்தி பாதியில் இருக்கும்போது வாசல் வழியாகச் செம்மண் தண்ணீர் உள்ளே வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து செருப்பைத் தேடினார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னா ஹாலு கட்னாங்களோ!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அந்த ஹாலுக்கு மட்டம் பார்த்தவள் நான்.

சிவில் டிப்ளமா முடித்துவிட்டுப் பங்காருபேட்டையில் ஒரு பிளான் போடும் ஆபீசில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். நிலம் அளப்பது, மட்டம் பார்ப்பது, அஸ்திவாரத்துக்குக் கோடு போட்டு முளை அடிப்பது எல்லாம் என் வேலை. எனக்கு மேலே ஒரு சீனியர் இருந்தார். அவரும் டிப்ளமாக்காரர்தான், அனுபவம் அதிகம். ஹாலின் பேஸ்மட்டம் ரோட்டைவிட ஒன்றரை அடி உயரத்தில் வரவேண்டும் என்று பார்த்து, பக்கத்திலிருந்த சர்ச் சுவரில் நீலப் பெயிண்டால் குறி போட்டேன். காண்ட்ராக்டர் சீனியருடைய மைத்துனர். மண் நிரப்புவது மிச்சமாகட்டும் என்று ஓர் அடி இறக்கிக் கட்டச் சொல்லிவிட்டார் சீனியர்.

"சார், தண்ணி உள்ள வந்துடும்" என்றேன்.

"இந்த ஊர்ல மழ எங்கம்மா பெய்யுது? நீ உன் வேலயப் பாரு."

கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு, கோயிலில் ஆராதனை முடிந்ததும் சபைப் போதகரான ஐயர் எங்கள் இருவரையும் கமிட்டிக்கு முன்னால் கூப்பிட்டுக் கேட்டார். சீனியர் என் பக்கம் திரும்பவே இல்லை. "பொண்ணுதான் மட்டம் பாத்துது ஐயரே. சின்னப் பொண்ணு, தப்பாப் பாத்துக்கினு குறி போட்டுடுச்சி. நான் நம்பிட்டேன்" என்றார். என் நீலக் குறி வெள்ளையடித்ததில் எப்போதோ போயிருந்தது. நான் கத்தினேன். கமிட்டியில் இருந்த அப்பா என் கையைப் பிடித்து, "கோயில்ல சத்தம் போடாதம்மா" என்றார். அந்த வாரமே கமிட்டியிலிருந்து விலகியவர், பிறகு கோயிலுக்கே போவதில்லை. எனக்கும் வேலை போயிற்று. மழை வரும்போதெல்லாம் யாராவது அம்மாவிடம், "உம் பொண்ணு ஹாலுக்குத் தண்ணி வந்துடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

அதன்பின் பெங்களூரில் ஒரு சர்வே கம்பெனியில் சேர்ந்தேன். தினமும் ரயிலில் நின்றபடியே போய்வருவேன். அந்த நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சீனியரை மனசுக்குள் எத்தனையோ விதமாகக் கவிழ்த்திருக்கிறேன். அவர் கண் அவியட்டும் என்று ஜெபத்தில் கேட்டு, ஆமென் சொல்லியும் முடித்திருக்கிறேன்.

சில வருஷங்கள் கழித்து கம்பெனி என்னை எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் ஊரிகத்துக்கு அனுப்பியது. ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒரு தெலுங்குப் பெரியவர் தன் மனையின் எல்லையைக் காட்டிக் கல் நடச் சொல்லிக் கேட்டிருந்தார். பக்கத்து மனையில் புது மாடிவீடு. கிரானைட் பதித்த போர்ட்டிகோ, அதில் கார். பழைய சர்வே கல்லின்மேல் கருவியை நிறுத்திப் பார்த்தேன். எல்லை அந்தப் போர்ட்டிகோவுக்குள் இரண்டடி போய் நின்றது. வேறொரு கல்லிலிருந்து பார்த்தேன். அதே இடம்தான்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர் என் பழைய சீனியர்.

"நீயா?" என்றார். கருவியைப் பார்த்தார், எல்லைப் புள்ளியில் பிரிசம் மாட்டிய கம்பு நிற்கும் இடத்தைப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சட்டென்று சிரித்து, "சொல்ப அட்ஜஸ்ட் மாடும்மா, கொஞ்சம் பாத்துப் பண்ணு. நம்ம ஆளுங்கதான நாமெல்லாம்" என்றார்.

அவர் கிட்டே வந்து குரலை இறக்கினார்.

"ஞாயித்துக்கெழம கோரமண்டல் வரேன். எல்லார் முன்னாடியும் தப்பு என்னுதுன்னு சொல்றேன். உங்கப்பா கால்ல வேணும்னாலும் விழறேன். நீ கல்ல ரெண்டடி தள்ளி நடு."

இத்தனை வருஷமாக நான் ஏங்கிக்கொண்டிருந்தது அதற்குத்தான். அப்பா கோயில் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது ஒரு நிமிஷம் என் கண்முன் வந்துபோனது. ஆனால் கல்லைத் தள்ளி நட்டால், தப்பாக அளந்தவள் என்று அவர் சொன்ன பொய்யை நானே நிஜமாக்கியதாகும். நேர்மை மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். அந்தப் போர்ட்டிகோ உடைவதை நான் பார்க்கவேண்டியிருந்தது.

"வாங்க சார். வந்து சொல்லுங்க. கல்லு இங்கதான் நிக்கும்" என்றேன்.

"அப்புறம் நான் எதுக்கு வரணும்?"

சிவப்பு ஸ்பிரேயை எடுத்துக் குலுக்கினேன். தூணிலிருந்து சுவர் வரை, பளபளவென்றிருந்த கிரானைட்டின் மேல் கோடு போட்டேன். கையை வேண்டுமென்றே மெதுவாக நகர்த்தினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

பெரியவர் விட்டுக்கொடுக்கவில்லை. அரசாங்க சர்வேயர் வந்து அளந்தபோதும் கோடு அதே இடத்தில்தான் விழுந்தது. இடிக்கும் நாள் தெரிந்ததும் லீவு போட்டுவிட்டுப் போனேன். பெரியவர் கொடுத்த காப்பியைக் குடித்தபடி, பிரேக்கர் இயந்திரம் தூணைத் துளைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்லாப் இறங்கியபோது எழுந்த தூசியில் எனக்கு இருமல் வந்தது. ஆனாலும் நகரவில்லை. சீனியருடைய மனைவி அழுதுகொண்டே பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். அந்த அம்மாள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர். அவர் பக்கம் பார்க்காமல் கழுத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அவன் வந்து சொல்லியிருந்தா நான் கோயிலுக்குப் போயிருப்பேன்மா" என்றார்.

"அதுக்கு நான் கல்லத் தள்ளி நட்ருக்கணும்பா."

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அவருக்காக எனக்கு மனசு வலித்தது. அந்த ஆளுக்காக வலிக்கவில்லை. இன்றைக்கும் வலிக்கவில்லை.