சாக்ஸ் போட்டு கபடி ஆடின சீசன்

கபடியில ஆடறவங்க மூச்சை அடக்கறது அரை நிமிஷம்தான். மேனேஜருக்கு சீசன் பூரா அதே வேலை. பசங்களை டூர் கூட்டிட்டுப் போற டீச்சர், கல்யாண மண்டபத்து மேனேஜர், கட்சிக்காரருக்கு பி.ஏ.ன்னு, அடுத்தவங்க அடிக்கிற கூத்துக்கெல்லாம் பதில் சொல்ற பொழப்பு நீங்களும் பாத்திருந்தீங்கன்னா வாங்க, இப்படி வந்து பக்கத்துல உக்காருங்க. நம்ம கஷ்டம் நமக்குத்தான் புரியும்.

நான் ஜரினா. தினம் கோட்டக்குப்பத்துல பஸ் ஏறி மரக்காணம் வந்து ஒரு உப்பு கம்பெனியில டைப் அடிச்சிட்டிருந்தேன். 2005-ல எங்க மொதலாளி தங்கவேலுக்கு மூட்டை உப்பு போதும், இனிமே பாக்கெட் உப்பு போடணும்னு ஆசை வந்துடுச்சு. பேரு ‘பால்முத்து’. விளம்பரத்துக்கு நடிகையைக் கூப்பிட்டா கட்டுப்படியாகாதுன்னு பொம்பளைங்க கபடி டீம் ஒண்ணை ஆரம்பிச்சார். பன்னெண்டு பொண்ணுங்க. மாசச் சம்பளத்துக்கு ஆட்டம். வெள்ளை பனியன், நெஞ்சு மேல உப்புப் பேரு. ஆபீஸ்ல இருந்த ஒரே பொம்பளை நான்ங்கறதால என்னையே மேனேஜராக்கிட்டாரு. கபடியில எனக்குத் தெரிஞ்சது ‘கபடி’ங்கற வார்த்தை மட்டும்தான்.

"உப்புங்கறது வீட்டுப் பொருள் ஜரினா. டீமும் அடக்கமான வீட்டுப் பொண்ணுங்களாத் தெரியணும். ஒரே ஒரு கம்ப்ளைன்ட் என் காதுக்கு வந்துச்சு, அன்னிக்கே கலைச்சிடுவேன்"னு ஆரம்பத்துலயே சொல்லிட்டாரு. டீம் கலைஞ்சா எனக்கு ஒண்ணுமில்ல, பழையபடி டைப் அடிக்கப் போயிடுவேன். கேப்டன் கலைவாணிக்குத்தான் வினை. அவ இதே மொதலாளியோட உப்பளத்துல நாலு வருசமா உப்பு வாரிட்டிருந்தவ. மழை வந்தா பாத்தியில வேலை கிடையாது, கூலியும் கிடையாது. டீம் சம்பளம் பன்னெண்டு மாசமும் வரும். வீட்ல சம்பாதிக்கறது அவ ஒருத்திதான். மொத நாளே என்னைத் தனியாக் கூப்பிட்டா. "மேனேஜரக்கா, எனக்கு கப்பு கிப்பெல்லாம் வேணாம். அந்தப் பாத்தியில திரும்ப எறங்கக் கூடாது, அவ்ளோதான்."

வாய் கழுவறது

கிரவுண்டுல எங்க பொண்ணுங்களைப் பாத்தா கையெடுத்துக் கும்பிடத் தோணும். நான் அப்படிப் பழக்கி வச்சிருந்தேன். வரிசையா வருவாங்க, நாலு பக்கமும் வணக்கம் வைப்பாங்க, குனிஞ்ச தலை நிமிர மாட்டாங்க. ட்ரெஸ் மாத்தற ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினா வேற உலகம். மேட்ச்சுக்கு முன்னாடி ஒரு சடங்கு வச்சிருந்தாளுங்க. ஆளுக்கு ஒருத்தியா எதிர் டீம்ல புடிச்சு, தலையிலேருந்து கால் வரைக்கும் திட்டித் தீக்கணும். அதுக்குப் பேரு ‘வாய் கழுவறது’. கார்னர்ல நிக்கிற கோமதிதான் அதுல கில்லாடி. அவ விடுற வார்த்தைங்களை நான் டைப் அடிச்சா மிஷினே கழண்டு விழுந்துடும்.

பிரம்மதேசத்துல ஒரு டோர்னமென்ட். ஸ்கூல்ல ஒரே ஒரு ரூமைத்தான் தொறந்து விட்டிருந்தாங்க. நடுவுல மூங்கில் தட்டி வச்சு ரெண்டாப் பிரிச்சிருந்தாங்க. அந்தப் பக்கம் யார் இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாது. இவளுங்க ஆரம்பிச்சுட்டாளுங்க. ஒண்ணாம் நம்பர் மூஞ்சி சோடா மூடியைப் பல்லால கடிச்சுத் தொறந்த மாதிரி இருக்குதாம், அது ஒண்ணைத்தான் நான் வெளியில சொல்ல முடியும். கால் மணி நேரம் கழுவி முடிச்சு மூச்சு வாங்கறப்போ தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினாங்க. போச்சு, கம்ப்ளைன்ட் வந்துடுச்சு, டீம் க்ளோஸு. கலைவாணி வெளுத்துப்போய் சுவத்துல சாஞ்சிட்டா. அப்ப அந்த டீம் கேப்டன் தட்டி வழியா எட்டிப் பாத்துப் பணிவா ஒண்ணு கேட்டா: "அக்கா, அஞ்சாம் நம்பரை மட்டும் விட்டுட்டீங்களே? அவளையும் நாலு வார்த்தை சொல்லிடுங்க, எங்களுக்கே அவளைப் புடிக்காது."

கரும்பலகை

கிளாஸ் ரூம்ல ட்ரெஸ் மாத்த விட்டா சாக்பீஸும் போர்டும் சும்மா இருக்குமா? எங்க கோமதிக்குப் படம் நல்லா வரும். ஒரு நாள் மொதலாளியை வரைஞ்சா. கொடம் மாதிரி வயிறு, கத்திரிக்கா மூக்கு, காதுல முடி, தலையில உப்பு மூட்டை. அதுக்குக் கீழ மத்தவங்க ஆளுக்கு ஒண்ணு எழுதினாங்க. அது கெடக்குது, விடுங்க.

அந்த நேரம் பாத்து மொதலாளி டீமை ஆசீர்வாதம் பண்ண மாலையும் கழுத்துமா உள்ள வந்துட்டாரு. கலைவாணி பாய்ஞ்சு போய் எழுத்தையெல்லாம் முதுகாலயே தேய்ச்சு அழிச்சா. வெள்ளை பனியன்ங்கறதால தப்பிச்சோம். ஆனா படம் அவ உயரத்துக்கு மேல இருந்துச்சு. மொதலாளி கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டுப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. யா அல்லா, நான் ஓதத் தெரிஞ்சதையெல்லாம் ஓதி முடிச்சிட்டேன். சொத்துத் தகராறுல தம்பியோட பேசாம இருக்கறவரு அவரு. திடீர்னு வயிறு குலுங்கச் சிரிச்சாரு. "ஏம்மா, என் தம்பியை நீங்க எங்க பாத்தீங்க? அப்படியே உரிச்சு வச்சிருக்குதே!"

வெளக்கெண்ணெய்

உப்புத் தண்ணியில நாலு வருசம் நின்ன காலு எப்படி இருக்கும்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியுமோ, எனக்கு அப்ப சுத்தமாத் தெரியாது. டீம்ல உப்பளத்துலேருந்து வந்த பொண்ணுங்க அஞ்சு பேரு. வெடிப்பு எரியுதுன்னு ரூம்ல கதவைச் சாத்திட்டு வெளக்கெண்ணெய் தடவிப்பாங்க. கபடியில உடம்புல எண்ணெய் தடவிட்டு எறங்கக் கூடாதுன்னு ஒரு ரூல் இருக்குது. இந்த மேனேஜருக்கு அது தெரியாது. ஒரு மேட்ச்ல கலைவாணி கணுக்காலை மூணு பேரு சேந்து புடிச்சாங்க, மூணு பேர் கையிலேருந்தும் வழுக்கிக்கிட்டு வந்துட்டா. எதிர் டீம் மேனேஜர் கத்த, நடுவர் குனிஞ்சு அவ காலை மோந்து பாத்து மூஞ்சியைச் சுளிச்சாரு.

விஷயம் மொதலாளி காதுக்குப் போயிடுச்சு. கலைவாணியைக் கூட்டிக்கிட்டு ஆபீஸுக்குப் போனேன். நான்தான் ரூல் தெரியாம தடவச் சொன்னேன்னு பழியை என் தலையில போட்டுக்கிட்டேன். மொதலாளிக்கு எண்ணெயைப் பத்திக் கவலையே இல்ல. அவ காலைப் பாத்துட்டாரு. வெடிச்சு, தோல் உரிஞ்சு, அங்கங்க ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. "இந்தக் காலை சனங்க பாத்தா பால்முத்தை எவன் வாங்குவான்? இனிமே அத்தனை பேரும் சாக்ஸ் போட்டுத்தான் ஆடணும். வெள்ளை சாக்ஸ், முட்டி வரைக்கும்"னாரு. கம்ப்ளைன்ட்டை அந்த ஒரு தடவை மன்னிச்சாரு. வெளிய வந்து கலைவாணி என்னைப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு நல்லாவே இல்ல. "நாலு வருசம் அவரு பாத்தியில வெறுங்காலோட நின்னேன், அப்பல்லாம் இந்தக் காலு அவரு கண்ணுல படலியாக்கா?"

கோலம்

பொம்மையார்பாளையத்துல ஜெயிச்சப்போ ஒரு பத்திரிகை நிருபர் பேட்டி எடுக்க வந்தாரு. பதிலெல்லாம் நான் முன்னாடியே மனப்பாடம் பண்ண வச்சிருந்தேன். "ஓய்வு நேரத்துல என்ன செய்வீங்க?"ன்னு கேட்டாரு. "கோலம் போடுவோம் சார்"ன்னு ஒருத்தி. அடுத்தவளும் கோலம். பன்னெண்டு பேருக்கும் கோலம். நல்ல மனுஷன், எழுதிக்கிட்டே வந்தாரு. அதோட போயிருக்கலாம். "இதுல யாரும்மா நல்லா போடுவீங்க?"ன்னு வாயை வச்சுட்டாரு.

பத்து பேரு கோமதியைக் கை காட்டினாங்க. ‘நானும் நல்லா போடுவேன்’னு ஒருத்தி முன்னாடி வந்தா. அவளும் கோமதியும் ஏற்கெனவே ஒரு சோப்பு டப்பா விஷயமா பேச்சு வார்த்தை இல்லாதவங்க. நீ என்னத்த போட்டு கிழிச்சன்னு இவ கேக்க, அவ ஒரு வார்த்தை விட, ரெண்டு பேரும் தரையில உருள ஆரம்பிச்சாங்க. நான் நடுவுல பூந்து என் கொண்டை அவுந்ததுதான் மிச்சம். நிருபர் நோட்டை மூடி பையில வச்சாரு. வீட்ல மூணு தங்கச்சிங்களோட பொறந்தவராம், ஒண்ணும் எழுத மாட்டேன்னு சொல்லிட்டாரு. போறப்போ மட்டும் திரும்பிப் பாத்துக் கேட்டாரு: "மேடம், இது புள்ளிக் கோலமா, சிக்குக் கோலமா?"

பாதி ஆட்டம்

சீசன் ஃபைனல் எங்க மரக்காணத்துலயே நடந்துச்சு. பாண்டிச்சேரியிலேருந்து கடைக்காரங்களை மொதலாளி வேன் வச்சுக் கூட்டிட்டு வந்திருந்தாரு. கேபிள் டிவிக்காரங்க கேமராவோட நின்னாங்க. கிரவுண்டுக்குத் தண்ணி அடிச்சிருந்தாங்க. சாக்ஸ் பூரா சேறு அப்பி ஒவ்வொரு காலும் ஒரு படி கனம் ஆயிடுச்சு. கலைவாணி பாடிப் போறப்போ ரெண்டு தடவை வழுக்கி விழுந்தா, ரெண்டு தடவையும் மேல ஏறி உக்காந்துட்டாங்க. பாதி ஆட்டம் முடியறப்போ எட்டு பாயின்ட் பின்னாடி இருந்தோம்.

ரூமுக்குள்ள ஒருத்தியும் வாயைத் தொறக்கல. கோமதி கூட திட்டல. அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு. கலைவாணி பெஞ்சு மேல உக்காந்து ரெண்டு காலையும் என் முன்னாடி நீட்டினா. "சொல்லுங்க மேனேஜரக்கா. இதைப் போட்டுக்கிட்டுத் தோத்தா கடைக்காரன் முன்னாடி மானம் போச்சுன்னு கலைச்சிடுவாரு. கழட்டினா காலு தெரிஞ்சுதுன்னு கலைச்சிடுவாரு. எப்படிப் பாத்தாலும் நான் பாத்திக்குத்தான் போகப் போறேன். எதைப் பண்ணட்டும்?" அவ கண்ணுல தண்ணி நின்னுச்சு. எனக்கு என்ன வந்துச்சோ தெரியல, கீழ உக்காந்து அந்த சாக்ஸைப் புடிச்சு இழுத்தேன். காஞ்ச ரத்தம் துணியோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு சீசன் பூரா இதை மறைக்கத்தான் நான் ஓடியாடி வேலை பாத்தேன்னு நெனச்சப்போ என் மேலயே எனக்குக் காறித் துப்பணும் போல இருந்துச்சு. அதைப் பாத்து மத்தவளுங்களும் மளமளன்னு கழட்டி மூலையில வீசினாளுங்க. ரூம் நாறிடுச்சு. கோமதிக்குத்தான் மொதல்ல வாய் திரும்ப வந்துச்சு. "அக்கா, அதைப் பத்திரமா பையில போட்டு வைங்க. மொதலாளி கேட்டா மோந்து பாத்துட்டு எண்ணி வாங்கிக்கட்டும்."

கேமரா

ரெண்டாவது பாதியில கலைவாணி ஆடினதைச் சொல்ல எனக்குக் கபடி தெரியாது. எதிர் கோட்டுக்குள்ள போவா, யாரையாவது தொட்டுட்டு வந்துடுவா, நான் கண்ணைத் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சு போயிருக்கும். ரெண்டு பாயின்ட்ல ஜெயிச்சோம். வணக்கம் வைக்கணும், குனிஞ்ச தலை நிமிரக் கூடாதுன்னு நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் காத்துல பறந்துச்சு. விசில் அடிச்சாங்க, கத்தினாங்க, கேப்டனைத் தோள் மேல தூக்கிக்கிட்டு ஆடினாங்க.

தோள் மேல தூக்கினா காலு எங்க வரும்? நேரா கேமராவுக்கு முன்னாடி வந்து தொங்குச்சு. பக்கத்துலயே மொதலாளி கப்பைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறாரு. சுத்தி கடைக்காரங்க. டிவிக்காரரு பதறிப்போய் மைக்கை நீட்டி, "ஐயோ, கால்ல என்னம்மா இவ்ளோ காயம்? இன்னிக்கு ஆட்டத்துல பட்டுதா?"ன்னு கேட்டாரு. கலைவாணி மேலேருந்து மொதலாளியைப் பாத்து, நான் பழக்கின அதே அடக்கத்தோட ரெண்டு கையையும் கூப்பினா. "இல்லண்ணே, இது நம்ம மொதலாளி பாத்தியில உப்பு வாரினதுல பட்டது."

பூட்ஸு

மறுநாள் காலையில ஆபீஸுக்குக் கூப்பிட்டு அனுப்பினாரு. என் ராஜினாமாவை நானே டைப் அடிச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். கலைவாணி கையில டீம் பனியன், துவைச்சு மடிச்சது. கேபிள்ல அதுக்குள்ள மூணு தடவை போட்டுட்டாங்க. மொதலாளி மேஜையில குத்தி, "ஒழிஞ்சது டீம்"னு ஆரம்பிச்சாரு. போன் அடிச்சுச்சு. பாண்டிச்சேரியிலேருந்து பெரிய கடைக்காரர் ஒருத்தர். புதுக் கடைக்கு ரிப்பன் வெட்ட அந்தக் கால் புண்ணு பொண்ணுதான் வேணுமாம், மார்க்கெட் பூரா அதே பேச்சாம். மொதலாளி போனை வச்சுட்டு மோட்டுவளையைப் பாத்தாரு. "இப்ப கலைச்சா அந்தப் பொண்ணை நான்தான் பழிவாங்கினேன்னு ஊரே காறித் துப்புமே ஜரினா"ன்னு முனகினாரு. அஞ்சு நிமிஷத்துல தெளிஞ்சுட்டாரு. உப்பளத்துல இருக்கற அத்தனை பேருக்கும் ரப்பர் பூட்ஸு, அவரே கையால குடுப்பாரு, கேபிள்காரனைக் கூப்பிடுன்னாரு. கலைவாணி பனியனை இடுக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தா. "மொதலாளி, ஒரே ஒரு விஷயம். கடைசி ஆள் பூட்ஸு மாட்டற வரைக்கும் அந்தக் கேமராவை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க."

டீமோட நல்ல பேரைக் காப்பாத்தத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க, ஆனா டீமைக் காப்பாத்தினது நான் கோட்டை விட்ட அந்த ஒரு சாயங்காலம்தான்.